மிதப்பு ஆசாரியின் முடியாத பலகை

மலாயாவில் ஒரு ஜப்பானிய அதிகாரியை மூன்று முறை ஆற்றில் விழவைத்து, மூன்று முறையும் அவர் கையாலேயே சிகரெட் வாங்கிப் புகைத்த ஒரே மனிதர் எங்கள் தோட்டத்து மிதப்பு ஆசாரிதான். வெள்ளைக்காரன் பீரங்கியும் கப்பலும் வைத்துக்கொண்டு செய்ய முடியாத காரியத்தை அவர் ஒரு பலகையை வைத்துக்கொண்டு செய்தார். அதுவும் சட்டை நனையாமல் கரையில் நின்றபடி.

அவருடைய நிஜப் பெயர் தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியான எனக்கே தெரியாது. செக்ரோல் என்ற ஆள் பேரேட்டிலும் ‘ஆசாரி’ என்றுதான் எழுதினேன். ‘மிதப்பு’ என்ற பட்டத்துக்கு இரண்டு காரணங்கள். கண்ணில் பட்ட பலகையையெல்லாம் தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பார் என்பது ஒன்று. எந்த நேரமும் மிதப்பிலேயே திரிவார் என்பது மற்றொன்று. கெடாவில் தன்னைத் தவிர எவனுக்கும் உளி பிடிக்கத் தெரியாது என்பது அவருடைய எண்ணம். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை உட்காரப்போன மணையை வெடுக்கென்று எடுத்துப் புரட்டிப் பார்த்து, “முன்னாடி கொஞ்சம் செதுக்குனா தண்ணியில நல்லா நிக்கும்” என்றார். மாப்பிள்ளை பாதி குனிந்தபடி காத்திருந்தார்.

இந்தப் பைத்தியத்தைப் பிடிக்கவைத்தவர் பழைய துரை. பினாங்கிலிருந்து அவர் ஒரு பலகை கொண்டுவந்தார். கதவளவு இருக்கும். மோட்டார் படகின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்தால் அதன் மேல் நின்றுகொண்டு போகலாமாம். எங்கள் தோட்டத்தை ஒட்டி ஓடிய மூடா ஆற்றில் துரை நின்றதைவிட விழுந்ததுதான் அதிகம். ஆசாரி அந்தப் பலகையின் முன்பக்கத்தை ஆவியில் காட்டி வளைத்து, மூக்கைத் தூக்கிவிட்டார். மறுநாள் துரை ஆற்றின் வளைவுவரை நின்றபடியே போனார். மூடா என்றால் மலாயில் இளையது என்று பொருள். ஆசாரி அதன் பிறகு விதவிதமான பலகைகளோடு ஆற்றங்கரையில் நிற்பதைப் பார்த்த எங்கள் ஆட்கள் அந்தப் பெயரைச் சொன்னபோது, அது ஆற்றைக் கூப்பிட்டது போல எனக்குத் தோன்றவில்லை.

ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார், ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது நின்றது. நாங்கள் மரவள்ளிக்கிழங்கு நட்டு, அதையே மூன்று வேளையும் தின்றோம். இதற்கிடையில் சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டு உத்தரவு வந்தது. பாலிங் பக்கத்திலிருந்து முன்பே போனவர்களில் ஒருவரும் திரும்பி வந்து அந்த ஊர் எப்படி என்று சொல்லவில்லை. எங்கள் தோட்டம் பன்னிரண்டு பேரை அனுப்ப வேண்டும். பட்டியல் எழுதியவன் நான். பதினொன்று எழுதி முடித்தபோது வேறு ஆள் கிடைக்கவில்லை. பன்னிரண்டாவது பெயரை நல்ல கையெழுத்தில் எழுதினேன். அது என் பெயர்.

அந்த வாரம்தான் அதிகாரி வந்தார். எல்லாரும் அவரைத் ‘தாய்ச்சோ’, அதாவது தலைவர், என்பார்கள். தாய் என்று தொடங்குவதோடு சரி, மற்றபடி அறைதான். துரையின் கார் கொட்டகையில் மாட்டியிருந்த பலகையைக் கண்டதும் அவர் முகம் மாறியது. சின்ன வயதில் மீன்பிடிப் படகின் அடிப்பலகையைக் கழற்றி எடுத்துப்போய் அலைமேல் படுத்து விளையாடியவர் என்று சைகையிலேயே விளங்கியது. பிறகு என்னிடம் ஏதோ நீளமாகக் கேட்டார். நிப்போங்கோ என்ற ஜப்பான் மொழி வகுப்பில் நான் கற்றது நாற்பது சொல். புரியாத இடத்திலெல்லாம் ‘ஹாய்’, அதாவது ஆமாம், என்று சொல்லிவிடுவேன். சொன்னேன். இதைவிட நல்ல பலகை ஒன்றை அவருக்குச் செய்து தருவதாக நான் ஒப்புக்கொண்டேன் என்பது அவர் என் தோளில் தட்டிய பிறகுதான் தெரிந்தது.

ஆசாரியிடம் ஓடினேன்.

“செஞ்சிடலாம். பன்னண்டு ஆளு வேணும்னு சொல்லு” என்றார்.

“அண்ணே, உளியக்கூட அடுத்தவனத் தொட விடமாட்டீங்க. பன்னண்டு ஆளு எதுக்கு?”

“பட்டியல்ல எத்தன பேரு?”

“பன்னண்டு.”

“பெறகென்ன கேள்வி? போய்ச் சொல்லுலா.”

தாய்ச்சோ ஒரு காகிதத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார். பலகை முடியும்வரை இந்தப் பன்னிரண்டு பேரும் ஆசாரியிடம் வேலை செய்வார்கள், முடிந்ததும் சயாமுக்குப் போவார்கள். நாங்கள் வேலை செய்தோம். இரண்டு பேர் மரத்தை வெயிலில் திருப்பிப் போட்டார்கள். இரண்டு பேர் அதை நிழலுக்குக் கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் யோசனையில் இருந்தார்கள்.

“அண்ணே, பலகை முடியுமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முடியும். அதான் பயமா இருக்கு” என்றார்.

முடிந்தே விட்டது. பதினொரு பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையோரம் ஓட, நான் அதன் மேல் நின்றேன். ஜெலுத்தோங் மரம், வளைந்த மூக்கு, இருபுறமும் இழைத்த ஓரம். நடுக்கூடத்தில் நிற்பது போல நின்றேன். அதைக் கண்டதும் ஓடியவர்களுக்குக் கால் ஓடவில்லை, கயிற்றை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். நான் மூழ்கினேன். என்னை இழுத்துக் கரையேற்றவும் யாருக்கும் மனம் வரவில்லை.

பட்டியலில் முதல் பெயர் மாரிமுத்து. அவன் மனைவி பாப்பாத்தி ஆசாரியின் பட்டறைக்கே வந்தாள். “அண்ணே, இந்த ஒரு பலகைய மட்டும் கொஞ்சம் மோசமா செய்யுங்கண்ணே. ஒங்க கால்ல விழறேன்” என்றாள்.

ஆசாரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். “மோசமா செய்யறதுக்கு வேற ஆளப் பாரும்மா. எனக்கு அந்த வேல வராது” என்று சொல்லிவிட்டு, உளியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தாய்ச்சோ ராணுவப் படகோடு வந்தார். பலகை மேல் ஏறி நின்றார். படகு கிளம்பியது, பலகை ஒருபக்கம் சாய்ந்தது, அவர் காணாமல் போனார். தலை வெளியே வந்ததும் ஆசாரி சொன்னார்: “மூக்கு பாரம். ரெண்டு மாசம் கேளு.” கேட்டேன். தாய்ச்சோ ஆசாரிக்கு ஒரு சிகரெட்டும் எனக்கு ஓர் அறையும் கொடுத்தார்.

“என்னண்ணே பண்ணுனீங்க?” என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டேன்.

“பலகையில கை வைக்கல. கயித்து ஓட்டைய ரெண்டு வெரக்கட தள்ளிப் போட்டேன். பலகைய ஒரு பய குத்தம் சொல்ல முடியாது.”

அடுத்த சீர்திருத்தம், அடிப்பக்கத்தில் ஒரு வால். மீனுக்கு இருக்கிறதே, பலகைக்கு வேண்டாமா என்றார். நல்ல யோசனைதான். ஆனால் வாலை நேராக வைக்காமல் ஒருச்சாய்த்து வைத்திருந்தார். படகு நேராகப் போக, தாய்ச்சோ மட்டும் கரைச் சேற்றுக்குப் போனார். ஆசாரிக்கு ஒரு சிகரெட், எனக்கு இரண்டு அறை.

மூன்றாவது, கால் வழுக்காமலிருக்க மேலே ரப்பர் பால் பூச்சு. அது காயும் முன்பே ஆசாரி பலகையைக் கொண்டுவந்துவிட்டார். இம்முறை பலகை கவிழ்ந்தபோது தாய்ச்சோவின் பாதங்கள் அதை விட்டுவர மறுத்தன. சற்று நேரம் ஆற்றின் மேல் பலகையின் அடிப்பக்கம் மட்டும், அந்த வாலோடு, அமைதியாக மிதந்தது. சிரிப்பை அடக்கப் பாப்பாத்தி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தாய்ச்சோ கரையேறினார். முத்திரைக் காகிதத்தைக் கொடு என்று இடது கையை நீட்டினார். வலது கை வாள் பிடியில் இருந்தது. ஆசாரியைப் பார்த்து, “ஹெத்தா” என்றார். அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். நிப்போங்கோ வாத்தியார் தினமும் என்னைச் சொல்வது.

“என்ன சொல்றான்?”

“கைவேல பிரமாதம்ங்கிறாரு, அண்ணே.”

“பிரமாதம்னு சொல்றவன் கத்தி மேலயா கைய வப்பான்? பொய் சொல்லாத தம்பி.”

“வேல தெரியாதவன்ங்கிறாரு.”

தோட்டமே கரையில் நின்றது. ஆசாரி ஒருமுறை பலகையைப் பார்த்தார். ஒருமுறை எங்கள் பன்னிரண்டு பேரையும் பார்த்தார். பொய்க்குக்கூடத் தன் வேலையைக் குறைத்துச் சொல்லாத மனிதர் அவர் என்பது எனக்குத் தெரியும்.

“ஆமான்னு சொல்லு” என்றார். “எனக்கு வேல தெரியலேன்னு சொல்லு. அவரே சொல்லிக் குடுக்கட்டும்.”

என்னிடமிருந்த நாற்பது சொல்லில் இரண்டுதான் உதவின. ஆசாரியைக் காட்டி, “ஹாய். ஹெத்தா” என்றேன். ஆசாரி கைகூப்பித் தலைகுனிந்தார். அந்தத் தலை குனிந்ததை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. மாரிமுத்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

தாய்ச்சோ கடகடவென்று சிரித்தார். ஈரத்தோடு குந்தி உட்கார்ந்து, குச்சியால் சேற்றில் படகுப் பலகை ஒன்றை வரைந்து பாடம் நடத்தினார். கோணல் படம். ஆசாரி அதுவரை மரத்தையே பார்த்திராதவர் போலத் தலையாட்டினார். பாடம் முடிந்ததும் மூன்றாவது சிகரெட். அந்தக் கோணல் அளவுக்கு மரம் தேடுவதாகச் சொல்லிச் சொல்லியே மாதங்களை ஓட்டினோம். அதற்குள் போர் முடிந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவரும் சயாமைப் பார்க்கவில்லை.

தோட்டம் கோயில் மணியை அடித்துக் கொண்டாடியபோது ஆசாரி பட்டறையில் இருந்தார். ரப்பர் பாலை உரித்தார், வாலை நேராக்கினார், கயிற்று ஓட்டையைப் பழைய இடத்தில் போட்டார். பிறகு என்னிடம் வந்து, “அந்த ஆளு எங்க இருக்கான்? பலக முடிஞ்சிடுச்சுன்னு சொல்லணும்” என்றார்.

சுங்கை பட்டாணியில் ஜப்பான்காரக் கைதிகள் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பலகையை ஆசாரி தலையில் சுமந்து நடந்தார், என்னைத் தொடவிடவில்லை. தாய்ச்சோ மெலிந்திருந்தார், வாள் இருந்த கையில் மண்வெட்டி. காவலுக்கு நின்ற சிப்பாய் நாங்கள் கதவு விற்க வந்ததாக நினைத்துச் சும்மா இருந்தான். ஆசாரி பலகையைக் கால்வாய் மேட்டில் வைத்து, தன் சுருட்டில் ஒன்றை எடுத்து நீட்டினார். தாய்ச்சோ அதைக் காதில் செருகிக்கொண்டு, மூக்கிலிருந்து வால்வரை மெல்லத் தடவினார். கயிற்று ஓட்டைக்குப் பக்கத்தில், தள்ளிப் போட்டிருந்த ஓட்டையை அடைத்த தடத்தில் விரல் நின்றது. நிமிர்ந்து ஆசாரியைப் பார்த்து, “ஜோஸு” என்றார்.

“என்ன சொல்றான்?”

“கெட்டிக்காரக் கைங்கிறாரு, அண்ணே.”

“அன்னைக்கும் இதத்தான சொன்ன” என்றார் ஆசாரி. பலகையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

அதன் பிறகு பல வருஷம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பியதே இல்லை. இப்போது அவர் இல்லை. ஆசாரியண்ணே, ரெண்டாவது தடவ நான் பொய் சொல்லல.