கடலை விழுதும் காத்திருந்த ஆட்டோவும்

எல்லாம் தெரிந்தவன் என்று நினைத்துக்கொண்டு குழந்தை வளர்ப்பவன் வீட்டில், குழந்தையைத் தவிர மற்ற எல்லோருக்கும் ஆபத்துதான். இதை அறிவியல் ஆசிரியராகச் சொல்லவில்லை. பாதிக்கப்பட்டவனாகச் சொல்கிறேன்.

என் மகள் மகிழினிக்கு அப்போது ஏழு மாதம். நாங்கள் குடியிருப்பது காரிமங்கலம். தருமபுரியில் வழக்கமாகக் காட்டும் குழந்தை டாக்டரம்மா, எடை பார்த்த கையோடு சொன்னார்: "பருப்பு, முட்டை எல்லாம் ஒத்துக்கிச்சுல்ல? இனி நிலக்கடலையும் ஆரம்பிங்க. வறுத்துத் தோல் எடுத்து வழவழன்னு அரைச்சு, வெதுவெதுப்பான தண்ணியில நல்லா கரைச்சுடுங்க. குழந்தைக்குச் சளி, காய்ச்சல் இல்லாத நாளாப் பார்த்துக் காலையில குடுங்க. முதல்ல கரண்டி நுனியளவு. பத்து நிமிஷம் பார்த்துட்டு அப்புறம் மெதுவா மீதி. ரெண்டு மணி நேரம் கண் பார்வையில வச்சுக்கங்க. உதடு வீங்குனாலோ, உடம்பு தடிச்சாலோ, மூச்சு வாங்குனாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். முழுக் கடலை அஞ்சு வயசு வரைக்கும் கூடாது. கெட்டி விழுதும் கூடாது, தொண்டையில ஒட்டிக்கும்."

டாக்டரம்மா ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்ததை நான் இரண்டு வார வேலையாக்கினேன். 'கவனிக்க வேண்டிய அறிகுறிகள்' என்று சிவப்பு மையில் ஒரு சார்ட் எழுதி ஹாலில் ஒட்டினேன். பால் போட வந்தவர் அதை நின்று முழுதாகப் படித்துவிட்டு, மறுநாளிலிருந்து பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

என் மாமனார் இண்டூரில் மானாவாரியில் கடலை போடுகிறவர். செய்தி கேள்விப்பட்டு அரை மூட்டைக் கடலையோடு வந்து இறங்கினார். (ஏழு மாதக் குழந்தைக்கு, கரண்டி நுனியளவு கொடுக்க, அரை மூட்டை.)

சார்ட்டைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏனுங்க மாப்ள, எங்கொல்லையில வெளஞ்ச கடலைக்கா எம்பேத்திய என்னா பண்ணிடும்? நாலு கொட்டையக் கையில குடுங்க, அதுவே மென்னுக்கும்."

"பல்லே ரெண்டுதான் மாமா முளைச்சிருக்கு. முழுக் கடலை மூச்சுக்குழாய்ல போயிட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்று ஆரம்பித்து, அவரை உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். தொண்டை அடைத்தால் மனிதன் எப்படிக் கழுத்தைப் பிடித்துக்கொள்வான், பேச முடியாமல் எப்படி விழிப்பான் என்று நடித்தும் காட்டினேன். என் மனைவி சுதா, "அப்பா தூங்கிட்டாருங்க" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. முன்னெச்சரிக்கையாகக் குமார் அண்ணனின் ஆட்டோவை வாசலில் நிறுத்தி, இன்ஜினை அணைக்கவே கூடாது என்று சொல்லியிருந்தேன். ஆட்டோ அரை மணி நேரமாக உறுமியதைக் கேட்டு எதிர்வீட்டு சரோஜாக்கா ஓடிவந்தார். "வூட்டுல யாருக்கு என்னாச்சு?" அவர் பின்னால் தெருவே வந்தது. மொத்தம் பதினோரு பேர். மகிழினியை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சுதா கரைத்த கடலையைக் கரண்டி நுனியில் தொட்டு ஊட்டினாள். மகிழினி சப்புக்கொட்டினாள்.

நான் வாட்சைப் பார்த்தேன். பதினோரு பேரும் குழந்தையின் உதட்டைப் பார்த்தார்கள். பத்து நிமிடமாயிற்று. ஒன்றும் ஆகவில்லை. மாமனார் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் இரண்டாவது கரண்டிக்கு மகிழினி வாயைத் திறக்கவில்லை. இத்தனை பேர் முறைத்துப் பார்த்தால் நானும்தான் திறக்க மாட்டேன்.

"பாப்பா, அப்பாவைப் பாரு... ஆ..." என்று சொல்லி, மிக்ஸி ஜாரில் கரைக்காமல் மிச்சமிருந்த கெட்டி விழுதைச் சாம்பார்க் கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

விழுது மேலண்ணத்தில் அப்பி, அங்கிருந்து வழுக்கித் தொண்டையில் போய் உட்கார்ந்தது. பேச முடியவில்லை. மூச்சும் வரவில்லை. கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தேன்.

மகிழினி கெக்கெக்கே என்று சிரித்தாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிச் சிரித்ததே இல்லை.

"ஐயோ, பாப்பா சிரிக்குது பாருங்க!" என்று சரோஜாக்கா கைதட்டினார். "இன்னொருவாட்டி செய்யுங்க வாத்தியாரே!"

நான் காலை உதைத்தேன். குழந்தை இன்னும் சிரித்தது. சுதா போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தாள். சாகப்போகிறவனைப் பார்த்துப் பதினோரு பேர் சிரிப்பதைப் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மாமனாருக்குத்தான் சந்தேகம் வந்தது. அவர் என் பாடத்தில் பாதியாவது விழித்திருந்திருக்கிறார். "அடியே, மாப்ள நடிக்கலடி!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து, என்னை முன்னால் குனியவைத்து, முதுகு நடுவில் உள்ளங்கையால் விட்டார் பாருங்கள், ஐந்து அறை! நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை. ஐந்தாவது அறையில் விழுது பறந்துபோய், சார்ட்டில் 'மூச்சுத் திணறல்' என்ற வரியின் மேல் ஒட்டிக்கொண்டது.

தயாராக நின்ற ஆட்டோ வீண்போகவில்லை. என்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தது.

கிளினிக்கில் நர்ஸ் கேட்டார்: "என்ன பிரச்சனை?"

"குழந்தைக்குக் கடலை ஊட்டுனாங்க சிஸ்டர்," என்றார் குமார் அண்ணன்.

"ஐயையோ, குழந்தை எங்க?"

"அது வூட்டுல நல்லா இருக்குங்க. இவருதான் பேஷண்ட்டு."

டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, இன்று கஞ்சி மட்டும் குடியுங்கள் என்றார். தொண்டையைவிட முதுகுதான் வலித்தது.

திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. சுதா பக்கத்திலேயே உட்கார்ந்து நிதானமாக மீதியையும் ஊட்டி முடித்திருந்தாள். குழந்தை உடம்பில் ஒரு தடிப்பு இல்லை. சார்ட்டும் இல்லாமல், வாட்சும் இல்லாமல், இரண்டு மணி நேரமும் அவளேதான் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து வாரம் இரண்டு நாள் கஞ்சியில் கடலை கரைத்துக் கொடுத்தோம்.

இப்போது மகிழினிக்கு நான்கு வயது. சுதா எடுத்த வீடியோவைக் காரிமங்கலத்தில் பார்க்காதவர் இல்லை. போன மாதம் பாப்பாரப்பட்டியில் ஒரு கல்யாணம். பெண் வீட்டாரையும் எனக்குத் தெரியாது, மாப்பிள்ளை வீட்டாரையும் தெரியாது. சுதாவுடன் படித்தவர் யாரோ அழைத்திருந்தார். இங்கேயாவது மானத்தோடு சாப்பிடலாம் என்று பந்தியில் உட்கார்ந்தேன். இட்லிக்குக் கடலைச் சட்னி வாளியோடு ஒருவர் வந்தார்.

"எங்கப்பாவுக்குக் கொஞ்சமா வைங்க," என்றாள் மகிழினி. "அவருக்கு இன்னும் பழகல."

அவர் கரண்டியைப் பாதியில் நிறுத்தி என்னை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, அந்த ஆட்டோ வாத்தியாரு நீங்கதானுங்களா?"

பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய், எனக்கு மட்டும் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.