ஃப்ளெக்ஸில் இடம் பத்தாத வார்த்தை

பக்கத்தில் வாருங்கள் என் கண்ணுகளா. காற்றாடிக்கு நேராக உட்கார்ந்துகொள்ளுங்கள், கரண்டு போவதற்குள் ஒரு கதை சொல்லிவிடுகிறேன். மதுரையில் பெரிய படிப்புப் படித்த டாக்டர்கள் மூன்று வார்த்தையில் செய்கிற வைத்தியத்தை, எம்.ரெட்டியபட்டியில் ஒரு குடும்பம் இரண்டே வார்த்தையில் முடித்துக் காட்டியது. இப்படியொரு மருத்துவ சாதனை இந்தக் கரிசல் பூமியில் அதற்கு முன் நடந்ததில்லை.

அந்தக் குடும்பத்தின் தலைவி ராக்கம்மாள். பருத்திக்காடு உண்டு, ஆட்டுத்தொழுவம் உண்டு, சுந்தரபாண்டி என்று ஒரே மகன் உண்டு. அவன் மனைவி யுவராணிக்கு ஏழாம் மாதத்தில் ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியது. அருப்புக்கோட்டை டாக்டர், எதற்கும் பார்த்துவிடட்டும் என்று மதுரைக்கு அனுப்பினார்.

மதுரை டாக்டரம்மா மாமியார், மகன், மருமகள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார்: "நாங்க பாக்குறதுக்குப் பேரு மெட்டர்னல் ஃபீட்டல் மெடிசின். மெட்டர்னல்னா தாயைச் சேர்ந்தது. ஃபீட்டல்னா வயித்துல இருக்குற சிசுவைச் சேர்ந்தது. ரெண்டு பேருமே எங்களுக்கு நோயாளிதான். தலை வலிச்சாலோ, கண்ணு மங்குனாலோ, வேற எதையும் பாக்காம பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடிரணும்."

யுவராணி தலைவலியையும் கண்ணையும் மனதில் முடிந்துகொண்டாள். ராக்கம்மாள் பேரை மட்டும் முடிந்துகொண்டார்.

ஊருக்குள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எதிர்வீட்டு வெள்ளைத்தாய் கேட்டாள். "என்ன மதினி, டாக்டரு என்ன சொன்னாக?"

"மெட்டர்னல் ஃபீட்டல் மெடிசின்!"

"அது என்ன, ஊசியா மாத்திரையா?"

"ஊசியுமில்ல, மாத்திரையுமில்ல. மதுரை!"

வெள்ளைத்தாய் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவள் மகளுக்கு ஊர் நர்ஸு பார்த்த 'வெறும்' பிரசவம்தான்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. இத்தனை பெரிய வைத்தியத்தை ஊரார் அறிய வேண்டாமா? தாயும் மகனும் அருப்புக்கோட்டைக்குப் போய், ஃப்ளெக்ஸ் அடிக்கிற இன்பராஜ் கடையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஸ்கேன் படம், அதற்கு ஒரு தங்கக் கிரீடம். வலப்பக்கம் கூலிங் கிளாஸ் போட்ட தாய்மாமன். கீழே, 'உயர்தர சிகிச்சை' என்று கொட்டை எழுத்தில் வைத்தியத்தின் பேர். மூலையில், மிச்சமிருந்த இடத்தில், யுவராணி.

"அண்ணே, பேரு நீளமா இருக்கு, எடம் பத்தலை" என்றான் இன்பராஜ். "மாமாவைக் கொஞ்சம் சின்னதாக்கவா?"

"மாமாவைச் சின்னதாக்குனா சீரும் சின்னதாயிரும்லே. எழுத்தைக் குறை" என்றான் சுந்தரபாண்டி.

"எந்த எழுத்தைக் குறைக்க?"

ராக்கம்மாள் மகனிடம் தீர விசாரித்தார். "மொத வார்த்தைக்கு என்னடா அர்த்தம் சொன்னாக?"

"தாயின்னு சொன்னாகம்மா."

"தாயி எங்க போயிரப் போறா? வீட்டுலதான கெடக்கா. அதை எடுத்துரு."

எடுக்கப்பட்டது. மருத்துவம் ஒரு வார்த்தை மிச்சம் பிடித்தது.

வளைகாப்பு அன்று விடியற்காலையிலேயே யுவராணிக்குத் தலை தெறித்தது. தொழுவத்தில் நின்ற மாமியாரிடம் போனாள். "அத்தே, தலை ரொம்ப வலிக்குது. கண்ணுல பூச்சி பறக்குற மாதிரி இருக்கு."

"செத்த இருத்தா. சினையாடு தீனி எடுக்க மாட்டேங்குது. வாயில்லா ஜீவன், நாமதான பாக்கணும்."

புருஷனிடம் போனாள். அவன் மாட்டு டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். "தைலம் தேச்சுக்கிறியா? ஆளுக வந்துட்டாக பாரு."

பந்தலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இரண்டு கை நிறைய வளையல் ஏறியது. "பிள்ளை உதைக்குதா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "உதைக்குது" என்றாள். "தலை வலிக்குது" என்று வெள்ளைத்தாயிடம் சொன்னாள். "பூ கனம்த்தா" என்று வெள்ளைத்தாய் சரத்தை ஒதுக்கிவிட்டாள். வாசலில் ஃப்ளெக்ஸ் ஜொலித்தது. மூலையிலிருந்த யுவராணி முகத்துக்கு நேரே வாழைமரம் கட்டியிருந்தார்கள்.

ஃப்ளெக்ஸ் கிரீடத்தோடு சேர்ந்து படமெடுக்கச் சொந்தக்காரர்கள் மொத்தப் பேரும் வாசலுக்கு எழுந்துபோனார்கள். யுவராணியும் எழுந்தாள். பின்பக்கமாக நடந்து மெயின்ரோட்டில் ஷேர் ஆட்டோவை நிறுத்தினாள்.

"எங்கம்மா இம்புட்டு வளையலோட?"

"அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குண்ணே."

"விசேஷம் முடிஞ்சிருச்சா?"

"இல்ல, இன்னும் நடந்துக்கிட்டிருக்கு."

ஐவகைச் சோறு ஊட்ட வந்தபோதுதான் நாற்காலியில் யுவராணி இல்லை என்று கண்டுபிடித்தார்கள். அங்கே இங்கே விசாரித்து, ராக்கம்மாளும் சுந்தரபாண்டியும் ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது, யுவராணி திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆபரேஷனுக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். பயப்படாதீர்கள் கண்ணுகளா, தாயும் பிறந்த பெண்பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். நான் சொல்ல வந்தது திரைக்கு இந்தப் பக்கம் நடந்தது.

"பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?" என்றார் ராக்கம்மாள்.

"பிரஷர் எக்கச்சக்கம். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும்" என்றார் டாக்டர். "தலைவலி எப்ப ஆரம்பிச்சுச்சு?"

மகன் தாயைப் பார்த்தான். தாய் ஃபேனைப் பார்த்தார்.

"கண்ணு மங்குனது? கடைசியா எப்ப சாப்பிட்டாங்க?"

அந்த நேரம் பார்த்து சுந்தரபாண்டியின் போன் அடித்தது. மாட்டு டாக்டர். அவன் ஒரு மூச்சில் ஒப்பித்தான்:

"ஆமா சார், நேத்து பொழுதடையத் தீனியை விட்டுச்சு. தண்ணி அரை வாளிதான். மூக்கு காஞ்சிருக்கு, கண்ணு கலங்கிக் கெடக்கு. குட்டி போனாப் போகுது சார், தாயை எப்படியாச்சும் காப்பாத்திருங்க!"

திரைக்குப் பின்னால் வளையல்கள் குலுங்கின. "டாக்டர்" என்றாள் யுவராணி. "என்னோடதை நானே சொல்றேன், எழுதிக்கிருங்க."

அந்த வீட்டாருக்கு முதல் வார்த்தையின் அர்த்தம் தெரியாது என்று இனி யாரும் பழி சொல்லாதீர்கள். நன்றாகத் தெரியும். தொழுவத்தில் வைத்திருக்கிறார்கள்.

உங்கள் வீடு நன்றாக இருக்கட்டும் என் தங்கங்களா. வாயுள்ள ஜீவன் சொல்வதும் அங்கே காதில் விழட்டும்.