துரைக்கண்ணு டிரைவரின் ஊதல்

ஒரு நீளம், இரண்டு குட்டை, கடைசியில் சரிந்து மடியும் இன்னொரு நீளம். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் அந்த ஊதல் கேட்டால், துரைக்கண்ணு டிரைவர் வீட்டு உலையில் அரிசி விழும். அவர் எஞ்சினை ஷெட்டில் விட்டு, கரி கழுவி வந்து உட்காரும்போது சோறு வடித்திருக்கும்.

அந்த ஷெட்டில் எஞ்சின் துடைக்கச் சேர்ந்தவர் பாண்டுரங்கன். பிறகு டிரைவருக்கு மருமகனானார். இப்போது ஓய்வுபெற்றுத் திண்டிவனத்தில் இருக்கிறார். வீட்டின் பின்னறையை ஓர் எஞ்சின் அடைத்துக்கொண்டிருக்கிறது. எண்ணெய் டின்னும் பிளாஸ்டிக் குழாயும் கொண்டு அவரே செய்தது. ஆறடி நீளம். அமெரிக்காவின் ஜே வகை நீராவி எஞ்சின்: தோட்டா மூக்கு, கறுப்பு உடல், விலாவில் ஒரு சிவப்புப் பட்டை. காற்றுக்கே கால் வழுக்கும்.

"அந்த ரயில் கம்பெனிக்காரன் பதினாலுதான் செஞ்சான், தாமரை. எல்லாம் சொந்தப் பட்டறையிலயே. இப்ப ஒலகத்துல மிச்சம் ஒண்ணே ஒண்ணு."

"அந்த ஒண்ணையும் அவன் பொண்டாட்டி வீட்டுக்குள்ள வுடலியே," என்றாள் அவர் மனைவி செந்தாமரை.

அவளுக்கு அந்த அறை வேண்டும். பக்கத்து வீட்டு ஜெயம்மாளோடு தையல் கடை போட ஆசை. இந்த மாதத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் ஜெயம்மாள் மிஷின்களோடு கிளியனூர்த் தங்கையிடம் போய்விடுவாள்.

உயிர் போனாலும் அறை போகாது என்று பாண்டுரங்கன் சபதம் எடுத்தார். எஞ்சின் வயிற்றில் ஒரு சின்ன ஸ்பீக்கரை ஒளித்தார். ஜெயம்மாள் அறையை அளக்க வந்தபோது, கிணற்றடியில் நின்று செல்போனைத் தட்டினார். ஜே எஞ்சின் ஊதியது. மூன்று பேர் சேர்ந்து ஒப்பாரி வைத்தது போலிருந்தது. ஜெயம்மாள் நாடாவைப் போட்டுவிட்டு வெளியே பாய்ந்தாள்.

"பேய் கீதுக்கா உள்ள!"

"அமெரிக்காக்காரன் பேய்க்குத் திண்டிவனத்துல இன்னாடி வேலை?"

"இன்னாமோ, அழுவுதுக்கா!"

"நானும் பார்த்துக்கினுதான் இருக்கேன்," என்றார் பாண்டுரங்கன், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "வேத்து ஆளு போனா அதுக்குப் புடிக்கல."

செந்தாமரை அவரையே பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த செல்போனைப் பார்த்தாள்.

மறுவாரம் ஜெயம்மாள் எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். பிற்பகல் நான்கு மணி. மாமரத்தில் ஓர் இலை அசையவில்லை. பாண்டுரங்கனே அறையைத் திறந்துவிட்டார். பெண்கள் இருவரும் உள்ளே போனார்கள். அவர் கிணற்றடிக்குப் போய்ச் செல்போனைத் தட்டினார். சத்தமில்லை. மறுபடி தட்டினார்.

அப்போது அறைக்குள்ளிருந்து வந்தது. மூன்று குரல் இல்லை, ஒற்றைக் குரல். ஒரு நீளம், இரண்டு குட்டை, சரிந்து மடியும் ஒரு நீளம்.

அப்படி ஊதியவரைச் சுடுகாட்டுக்குத் தோள்கொடுத்துத் தூக்கிப் போனவர்களில் அவரும் ஒருவர்.

மறுபடி ஊதியது. இந்த முறை கொஞ்சம் கோபமாக.

"மாமா!" அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரூமை வுட்டுடறேன் மாமா! ஒங்க பொண்ணே வச்சிக்கட்டும்!"

செந்தாமரை வெளியே வந்து கை நீட்டினாள். "சாவி." பின்னால் ஜெயம்மாள் முந்தானையால் வாயை மூடியிருந்தாள்.

சாவியைக் கொடுத்துவிட்டு, அவர் முகம் கழுவக் குனிந்தார். தண்டவாளப் பக்கமிருந்து, தொலைவில், அதே ஊதல் இன்னொரு முறை வந்தது.

அன்றே எஞ்சினைக் கழற்றினார்கள். அதன் வயிறு காலி.

"ஸ்பீக்கர் எங்க?"

"மொளகாத்தூள் டப்பாவுல. முந்தாநாளே நீங்க தூங்கறப்ப சாவிய எடுத்துத் தொறந்து எடுத்துட்டேன்."

"அப்ப ஊதினது?"

அவள் இரண்டு கைகளையும் குவித்து, கட்டைவிரல்களுக்கு இடையே மெல்ல ஊதிக் காட்டினாள். "சின்னதுல அப்பா ஊதினா, கேட்டாண்ட நின்னு இப்டித்தான் பதில் ஊதுவேன்."

"நல்லா மிரட்டின போ. அதான் சாவி வாங்கிட்டியே, அப்புறம் தெருப்பக்கம் போயி மூணாவது தரம் எதுக்கு ஊதின? தோத்தவனை இன்னும் பேஜார் பண்ணவா?"

குவித்த கைகள் அப்படியே நின்றன.

"நான் ரெண்டு தரம்தாங்க ஊதினேன்."

ஸ்டேஷன் பக்கம் ஒரு மின்சார வண்டி ஊதாமல் போனது. செந்தாமரை எழுந்து அடுப்படிக்குப் போய், உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள்.

பொங்கலுக்கு முன்பே தையல் கடை திறந்துவிட்டது. பாண்டுரங்கன் அங்கே ரவிக்கைகளுக்குக் கொக்கி தைக்கிறார்.