'அதுவும் கீது' அண்ணன்

ஜவ்வாது மலையில் 'இல்லை' என்ற சொல்லை வாயில் வைக்காமலேயே ஐம்பது வயதைத் தாண்டிய ஒரே மனிதர் 'அதுவும் கீது' அண்ணன்தான். நான் அங்கே பள்ளி ஆசிரியராக இருந்தபோது எதிர்வீட்டுக்காரர். சாமை இருக்கிறதா என்றால் "கீது சார்" என்பார். தேன்? "அதுவும் கீது." புளி, பலா, கடுக்காய், ஆடு, நாட்டுக்கோழி, எதற்கும் அதே பதில். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம்.

ஒருமுறை அருவி பார்க்க வந்த குடும்பம் ஒன்று, தங்க அறை கிடைக்குமா என்று அவரிடம் கேட்டுத் தொலைத்தது.

"அதுவும் கீதுங்க!"

உடனே ஆட்டுக் கொட்டகையைக் கழுவி, சாணம் மெழுகி, சாம்பிராணி போட்டு அறையாக்கிவிட்டார்.

"யோவ், ஆடுங்க எங்கய்யா படுக்கும்?" என்றார் மனைவி.

"நம்ம வூட்லதான். அதுங்க இன்னா, கட்டிலா கேக்குது?"

ஆடுகள் கட்டில் கேட்கவில்லை. விடிந்ததும் பழைய இடத்தைத் தேடிப்போய்க் கதவை முட்டித் திறந்துவிட்டன. அலறியடித்து ஓடிவந்த விருந்தாளிகளிடம் அண்ணன் அசராமல் சொன்னார்: "புள்ளைங்க ஆடு பாக்கணும்னாங்களே, அதான் இட்டாந்தேன்." அவர்கள் சிரித்துவிட்டார்கள். மறுவருடமும் வந்தார்கள்.

ஒன்றை உருப்படியாகச் செய்யாமல் ஒன்பதில் கால் வைக்கிறாரே என்று ஊரே கேலி பேசியது. அவர் மகளுக்கு வேலூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்த வருடம், பூக்கும் நேரத்தில் அடித்த மழையில் மலை முழுக்கப் புளி பொய்த்தது. புளியையே நம்பியிருந்தவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர்க் கூலிக்குக் கிளம்பினார்கள்.

"பொண்ணு படிப்பு என்னண்ணே ஆகும்?" என்றேன்.

"புளிதான சார் போச்சு?"

வாரா வாரம் ஒடுகத்தூர் சந்தைக்குப் பஸ் ஏறினார். ஒரு வாரம் தேன், ஒரு வாரம் சாமை. தோல் பதனிடக் கடுக்காய் வாங்கும் வாணியம்பாடி பாய்க்கு மூட்டை மூட்டையாகக் கடுக்காய். கடைசியில் கண்டக்டரோடு மல்லுக்கட்டி இரண்டு கிடாய்களையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். எங்கள் மலைக்கே பெருமை அது.

விடுதியில் விடப்போனபோது நானும் துணைக்குப் போனேன்.

"அப்பாவுக்கு என்ன தொழில்?" என்று கேட்டார் காப்பாளர் அம்மா.

"சாமை கீதுங்க, தேன் கீதுங்க, கடுக்காய்..."

"அய்யோ, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க!"

அண்ணன் முதல்முறையாகத் திணறினார். மகளைப் பார்த்தார்.

"இவளுக்கு அப்பன், மேடம். மத்த வேலையெல்லாம் அதுக்குத்தான்."

அந்த அம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க யாரு?" என்றார்.

"இவருக்குத் தம்பிங்க" என்றேன்.