இரண்டு விசிலுக்கு முன் மூச்சு விடக்கூடாது

அன்பும் அழகும் நிறைந்த என் அக்கா மகளுக்கு, தாய்மாமன் நலம். நீயும் பிறந்த குட்டியும் அதைவிட நலமாக இருக்க வேண்டும். பிள்ளைக்கு என் மூக்கு என்று கேள்விப்பட்டேன், கொடுத்து வைத்தது.

பிரசவத்துக்குக் கிளம்பும்போது உன் யோகா வகுப்பை என்னிடம் ஒப்படைத்து, "மாமா, நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம். கதவைத் திறந்து, நான் பேசிப் பதிஞ்சு வச்சதை ஸ்பீக்கர்ல போட்டு விடுங்க, போதும். இப்ப வர்றவங்க போயிட்டா எனக்கு வேற ஆளு கிடைக்க மாட்டாங்க" என்று கண்ணைக் கசக்கினாயே, அந்தக் கவலையை இன்றோடு விடு. உன் குரல் இனிமைதான், ஆனால் தூக்கம் வருகிறது. ஆயுசு பூராவும் பஸ்ஸில் கண்டக்டராக நின்றவன் நான். மனுஷர்களை நிற்க வைக்கவும் வளைய வைக்கவும் எனக்கா தெரியாது? முதல் நாளே ஸ்பீக்கரை அணைத்துவிட்டு என் பழைய விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். ஒரு விசில் என்றால் அப்படியே நில், இரண்டு விசில் என்றால் விடு. "பின்னாடி போங்க, பின்னாடி போங்க, அங்க பாய் காலியாத்தான இருக்கு" என்று ஒரு சத்தம் போட்டதில் உன் சின்னக் கூடத்தில் இன்னும் பத்துப் பேருக்கு இடம் பிறந்தது.

மரம் மாதிரி ஒற்றைக் காலில் நிற்பதை நீ பாடுபட்டுச் சொல்லித் தருகிறாய். நான் அதையே படிக்கட்டாசனம் ஆக்கிவிட்டேன். ஒரு கால் படியில், ஒரு கால் காற்றில், ஒரு கை ஜன்னல் கம்பியில். உடம்புக்குக் கெண்டைக்கால் பலம், மனசுக்குக் கடவுள் பக்தி. பாம்பு மாதிரி தலையைத் தூக்கினால் முதுகுக்கு நல்லது என்று மட்டும்தான் நீ சொல்லியிருக்கிறாய். கல்லீரல் நிமிர்ந்து உட்காரும் என்று நான் சேர்த்துச் சொன்னதும் வகுப்புக்கு வரும் பல் டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், இதெல்லாம் அவர் பாடத்தில் வராது.

இன்று காலை மூச்சுப் பயிற்சி. வலது மூக்கில் இழுக்கும் காற்று இடது முழங்காலுக்குப் போகிறது என்று விளக்கி, இரண்டு விசிலுக்கு முன் விட்டால் அது வழி தவறிக் காதுக்குப் போய்விடும் என்றும் எச்சரித்து, ஒரு விசில் கொடுத்தேன். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். அந்த நேரம் பார்த்து விசிலுக்குள் இருக்கும் குண்டு சிக்கிக்கொண்டது. ஊதுகிறேன், வெறும் காற்றுதான் வருகிறது. பதறாமல், பஸ் தகரத்தைத் தட்டுவதுபோல் கதவில் இரண்டு தட்டு தட்டினேன். படித்த ஜனங்களுக்கு அது புரியவில்லை. உன் வகுப்புப் பேங்க் மேனேஜர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. யோக ஒளி என்பது அதுதான். கடைசியில் அவர்தான் முதலில் மூச்சை விட்டார்.

"யோவ், தெரியாம உன் வண்டியில ஏறிட்டேன். உசிரோட இறக்கி விடுய்யா."

"ஸ்டாப்பிங் வரட்டும் சார்."

என் பதிலில் நெகிழ்ந்துபோய் அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார். அவரை வழியனுப்ப மற்ற எல்லாரும் தத்தம் பாயோடு போனார்கள். முட்டல் மோதல் இல்லை, எவ்வளவு ஒழுங்கு தெரியுமா.

ஆகவே வகுப்பு அமோகம். நிதானமாக உடம்பைத் தேற்றிக்கொண்டு வா. உன் வீட்டுக்காரருக்கு என் விசாரிப்பு, குட்டிக்குத் தாத்தா முறையில் ஆயிரம் முத்தம், உனக்குத் தலைமேல் கை வைத்து ஆசி.

இப்படிக்கு,
உன் மாமா,
தற்காலிக யோக குரு

பி.கு.: மறுநாள் எழுதுவது. கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் அத்தை படித்துவிட்டாள். "இந்தப் புளுகுக்குக் கீழயே உண்மையையும் எழுதுங்க" என்று பக்கத்திலேயே நிற்கிறாள். நேற்றுப் போனவர்கள் திரும்பி வருவதாக இல்லை. அவள்தான் வீடு வீடாகப் போய், எனக்குப் புத்தி கொஞ்சம் மட்டு என்று சொல்லி, இன்று காலை அத்தனை பேரையும் அழைத்து வந்தாள். உன் பதிவைப் போட்டாள். கூடவே தானும் செய்தாள். குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டாளம்மா, கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் பார்க்காத காட்சி. இனி ஒருத்தரும் போகமாட்டார்களாம். நீ பயந்தது நடக்கவில்லை. ஆனால் "பிள்ளை பெத்த உடம்பு, அவ நல்லாப் படுத்து எழுந்திரிக்கட்டும், இனிமே நானே பாத்துக்கறேன்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டாள். அவர்களும் கைதட்டிவிட்டார்கள். என்னை வாசலில் செருப்புக்குக் காவல் போட்டிருக்கிறாள். நீ வரும்போது முன்வரிசையில் ஒரு பாய் வேண்டுமென்று இப்போதே சொல்லி வைக்கட்டுமா?