பூதம் கோபுரத்தை விட்டு இறங்கலாமா?

இந்த வீட்டை விட்டு நகர்வதில்லை என்று உறுதியாக முடிவெடுத்தேன். முடிவில் ஒரு குறையும் இல்லை. அதை என் மனைவியிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி.

எங்கள் வீடு நான்காவது மாடியில். லிஃப்ட் செத்துப் பல மாதமாகிறது. முதலில் ‘பழுது’ என்று ஒரு அட்டை தொங்கியது. பிறகு அட்டையும் விழுந்துவிட்டது. இப்போது லிஃப்ட் வாசலில் யாரோ ஒரு பழைய மெத்தையைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். எங்கள் மாடியில் மற்ற இரண்டு வீடுகளும் காலி. மழை பெய்தால் கூடத்துச் சுவரில் ஈரம் வரைபடம் போல் ஏறும். எத்தனையோ நாடுகள் வந்து போயின. ஒன்றாவது பார்க்கும்படி அமைந்ததில்லை.

என் மனைவிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. லிஃப்ட் நின்ற நாளிலிருந்து அவள் தெருவில் கால் வைக்கவில்லை. மகள் வேறொரு ஊரில் தரைத்தள வீட்டில் இருக்கிறாள். “வந்துடுங்கப்பா” என்று வாரம் தவறாமல் போன் செய்கிறாள்.

“என்னங்க, அவளுக்கு என்ன பதில் சொல்றது?”

“யோசிச்சிட்டு இருக்கேன்.”

“நல்லா யோசிங்க. நான் எங்க ஓடிப்போகப் போறேன்? ஓட முடிஞ்சா உங்ககிட்ட ஏன் கேக்கறேன்?”

சொல்லிவிட்டுப் பின்னலைத் தொடர்வாள். கம்பளி பின்னுவது அவள் வழக்கம். உதடு கண்ணிகளை எண்ணிக்கொண்டே இருக்கும். நடுநடுவே எனக்கும் இரண்டு திட்டு விழும். கல்யாணமான நாளிலிருந்து ஒரு கண்ணியும் தவறியதில்லை. எனக்கு விழ வேண்டியதும் தவறியதில்லை.

நான் சரக்கு குடோனில் மூட்டைக் கணக்கு பார்த்தவன். எட்டாவதோடு படிப்பு நின்றது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. மூட்டைகளோடு எனக்கு ஒத்துப்போனதற்கு அதுதான் காரணம். அவை பதில் பேசாது.

ஒருநாள் கூழாக்கப் போகும் பழைய புத்தக மூட்டை ஒன்று பிரிந்து கிடந்தது. அதிலிருந்து ஒரு தடிப் புத்தகம் என் கைக்கு வந்தது. மந்திரவாதிகள், மிதக்கும் கோட்டைகள், மலைமேல் ஒரு கிழ டிராகன். கடைசிப் பக்கங்கள் இல்லை. டிராகன் பிழைத்ததா, செத்ததா தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைக் கேட்பதற்காகத்தான், மாயக்கதை வாசிப்பவர்கள் போனில் நடத்தும் ஒரு குழுவில் சேர்ந்தேன். குழுவின் பெயர் ‘ஏழாம் வாசல்’. சேர்ந்து மூன்று வருடமாகிறது. கூச்சத்தினால் இன்னும் கேட்கவில்லை.

அங்கே எல்லோருக்கும் புனைபெயர் உண்டு. நீதிநெறி பாடம் நடத்தும் கல்லூரி வாத்தியார் ‘கல்தாடி’. ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் ‘பச்சை இறகு’. எதிலும் அரைகுறையான ஒருவர் தன்னை ‘அரைச்சூனியம்’ என்று சொல்லிக்கொண்டார். என்னிடமும் பெயர் கேட்டார்கள். பதற்றத்தில் வாயில் வந்தது ‘மூட்டை’. அப்படியே நிலைத்துவிட்டது.

பெரிய விஷயமெல்லாம் பேசுவார்கள். ராஜ்யத்தைக் காப்பாற்ற மந்திரவாதி பொய் சொல்லலாமா? பறக்கத் தெரிந்த குட்டிகளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு? பரீட்சையில் தோற்ற சூனியக்காரிக்கு மறுபடி வாய்ப்பு உண்டா? நான் படிப்பதோடு சரி. ஆனால் அங்கே ஒரு அசட்டு ஆட்டமும் உண்டு. அதில் என்னை விட்டால் ஆள் கிடையாது.

ஆட்டம் இதுதான். ஒருவர் ஒரு எண் போட வேண்டும். அடுத்த எண்ணை இன்னொருவர் போட வேண்டும். ஒரே ஆள் தொடர்ந்து இரண்டு போடக்கூடாது. தப்பான எண் விழுந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. பத்தாயிரம் வரை போக வேண்டும். ஒருமுறை நாலாயிரத்தைத் தாண்டிய பிறகு அரைச்சூனியம் தூக்கக் கலக்கத்தில் ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டார். அன்று நான் சாப்பிடவில்லை. அதிலிருந்து எண்ணுக்குக் காவல் நான்தான். குழுவில் ஓட்டு எண்ணும் வேலையும் என்னிடமே வந்தது.

ஓட்டு எதற்கு? குழுவில் ‘சபைக் கேள்வி’ என்று ஒரு வழக்கம் இருக்கிறது. யாராவது மாய உலகத்திலிருந்து ஒரு தர்மசங்கடத்தைக் கேட்பார்கள். சபை ஓட்டுப் போடும். கேட்டவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். கற்பனைக் கேள்விதானே, இதுவரை கட்டுப்பட்டு யாரும் கஷ்டப்பட்டதில்லை. இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் கேள்வி நிலுவையில் நிற்கும். பத்தாயிரம் என்ற எண்ணைப் போடுகிறவர் சொல்வதே அதற்குத் தீர்ப்பு.

மனைவியிடம் சொல்லத் தைரியமில்லாதவன் படித்தவர்களைத் துணைக்குக் கூப்பிட்டால் என்ன? அப்படித்தான் என் திட்டம் பிறந்தது. மூன்று வருடத்தில் முதல்முறையாக எண் அல்லாத ஒன்றை எழுதினேன்.

‘ஒரு கிழப் பூதம் நெடுங்காலமாக ஒரு கோபுரத்தைக் காவல் காக்கிறது. அதன் மனைவி, மகள் வசிக்கும் மலைக்குப் போய்விடலாம் என்கிறாள். பூதம் கோபுரத்தை விட்டு இறங்கலாமா?’

குழு அதிர்ந்துவிட்டது. மூட்டை பேசிவிட்டது என்று பாதிப் பேர் கைதட்டும் பொம்மைகள் அனுப்பினார்கள். பிறகு வாதம் தொடங்கியது. காவல் என்பது கடமை, கடமையை விட்டால் பூதத்துக்கும் புகைக்கும் என்ன வித்தியாசம் என்று கல்தாடி நான்கு பத்தி எழுதினார். எனக்குக் கண் கலங்கியது. இறங்கக் கூடாது என்று இருபத்தாறு ஓட்டு. இறங்கலாம் என்று எட்டு.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மனைவியின் முன் நின்றேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தாம்மா, படிச்சவங்க எல்லாரும் சொல்லிட்டாங்க. நாம போகக் கூடாது.”

“யாரு படிச்சவங்க?”

சொன்னேன். பூதத்தை வாசித்துக் காட்டினேன். கடமை பற்றிய நான்கு பத்தியையும் வாசித்தேன். குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டேன்.

“கிழ பூதம் நீங்க.”

“ஒரு உதாரணத்துக்கு.”

“உதாரணமே வேண்டாம், அப்படியே இருக்கீங்க. தீர்ப்பு எப்படி வந்தாலும் கட்டுப்படணுமா?”

“கண்டிப்பா. அதுதான் சபை வழக்கம்.”

“நீங்களும்?”

“நான்தானே கேட்டேன்? நான் முதல்ல.”

“அப்போ என்னையும் அதுல சேர்த்து விடுங்க.”

எனக்கு உள்ளூர சந்தோஷம். இவளுக்கு மந்திரவாதியும் தெரியாது, மிதக்கும் கோட்டையும் தெரியாது. கல்தாடியின் ஒரு பத்தியில் மூழ்கிவிடுவாள். நானே சேர்த்துவிட்டேன். வழக்கம்போல் குழு பெயர் கேட்டது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினாள்.

‘பெண் பூதம். அந்தக் கோபுரத்தில் இருப்பவள் நான்தான். என்னை யாரும் கேட்கவில்லையே?’

குழு துள்ளிக் குதித்தது. இது அவர்கள் இதுவரை ஆடாத ஆட்டம். ஆளுக்கொரு கேள்வி எறிந்தார்கள். கோபுரம் எத்தனை அடுக்கு? நான்கு. இறங்க மந்திரப் பெட்டி இல்லையா? இருந்தது, செத்துவிட்டது, வாசலில் மெத்தை சாய்ந்திருக்கிறது. கடைசியாக நீங்கள் எப்போது தரையைத் தொட்டீர்கள்?

‘வெயில் காலத்தில். இப்போது மழைக்காலம். முட்டி வலிக்கிறது’ என்று எழுதினாள்.

பச்சை இறகு உடனே முட்டிக்கு என்ன மாத்திரை என்று விசாரித்தார். நர்ஸ் புத்தி. அரைச்சூனியம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

‘அந்தக் கோபுரத்தில் அப்படி என்ன புதையல் இருக்கிறது?’

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ரொம்ப நேரம் தட்டினாள்.

‘ஒரு ஜன்னல். அதிலிருந்து பார்த்தால் அவர் வேலை செய்த குடோன் தெரியும். போன வருடம் அதை இடித்து வண்டி நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். இன்னும் காலையில் அங்கேதான் நிற்கிறார். வண்டிகளை எண்ணுகிறார்.’

நான் ஜன்னலிலிருந்து நகர்ந்து சுவரோரம் போய் நின்றேன்.

“இதையெல்லாம் வெளியில சொல்லணுமா?”

“நீங்க என்னை பூதம்னு வெளியில சொன்னீங்களே, அதுக்கென்ன?”

அன்று மாலைக்குள் ஓட்டுகள் இடம் மாறத் தொடங்கின. ஓட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது சபை விதி. ஓட்டு எண்ணுகிறவன் அதைத் தடுக்க முடியாது. கல்தாடிகூட, கடமை என்பது காக்கப்படும் பொருள் இருக்கும்வரைதான் என்று ஐந்தாவது பத்தி எழுதிவிட்டுக் கட்சி மாறினார். மறுபடி மறுபடி எண்ணினேன். தப்பாக எண்ணிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. விரல் வரவில்லை. பதினேழுக்குப் பதினேழு.

அவள் போட்டால் பதினெட்டாகிவிடும். பயந்துபோய் விதியைத் தேடினேன். இருந்தது. எண் ஆட்டத்தில் ஒருமுறையாவது ஆடாதவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டு எண்ணுபவனுக்கும் இல்லை. சபை இத்தோடு முடிந்தது, இனி புது ஓட்டும் கிடையாது என்று அறிவித்தேன்.

அவள் கோபப்படவில்லை. “சமமா? சரி” என்றாள். அதுதான் எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

“இங்க வாங்க, ஒரு விஷயம். அந்த டிராகனுக்கு என்ன ஆச்சுன்னு தூக்கத்துல பொலம்புவீங்களே? நான் கேட்டுட்டேன்.”

மூன்று வருடமாக என் தொண்டையில் நின்ற கேள்வி.

“என்ன ஆச்சாம்?”

“மலைய விட்டு எறங்க மாட்டேன்னு அங்கேயே உக்காந்துச்சாம். பனியில செத்துப்போச்சாம்.”

மறுபடி பின்ன உட்கார்ந்துவிட்டாள்.

இனி எல்லாம் பத்தாயிரத்தின் கையில். ஆட்டம் 9,998இல் நின்றது. போட்டவர் பச்சை இறகு. அதோடு எல்லோரும் கல்லாகிவிட்டார்கள். 9,999 போடுகிறவன் ஏமாளி. அடுத்தவன் பத்தாயிரத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். எனக்கோ அவசரமே இல்லை. யாராவது ஏமாறட்டும், பத்தாயிரத்தை நான் போடுகிறேன், பூதம் இறங்காது. யாருமே ஏமாறாவிட்டால் இன்னும் நல்லது. கேள்வி நிலுவையில் கிடக்கும், நானும் கிடப்பேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வெளியே மழை. சுவரில் ஒரு புதுக் கண்டம் ஏறிக்கொண்டிருந்தது.

“என்னங்க, இந்த எண் ஆட்டம் நானும் ஆடலாமா?”

“தாராளமா ஆடு.”

சொல்லும்போதே எனக்கு நாக்கில் தேன். அவள் 9,999 போட்டால் அடுத்தது என்னுடையது.

“ஒம்பதாயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தெட்டு வரைக்கும் வந்திருக்கு. அடுத்தது முழுசா பத்தாயிரம். அடிச்சிட்டேன். அனுப்பட்டுமா?”

தூக்கிவாரிப்போட்டது. எட்டிப் பார்த்தேன். அவள் போனில் 10,000 என்று அடித்து நின்றது. கட்டைவிரல் அனுப்பும் பொத்தானுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

“ஐயோ, நிறுத்து! நடுவுல ஒண்ணு இருக்கு!”

“என்ன ஒண்ணு?”

“தொண்ணூத்தொம்போது!”

“எனக்கென்ன கணக்கா தெரியும்? நான் என்ன குடோன்லயா வேலை பாத்தேன்? கண்ணாடி வேற போடலை. இந்த அம்புக்குறியத்தானே அழுத்தணும்?”

“அழுத்தாதே! எல்லாம் போயிடும்! ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்கணும்!”

“விரல் நடுங்குதுங்க. தானா பட்டுடும் போலிருக்கே.”

விரல் இறங்கியது. கொஞ்சம் யோசித்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேன். எண் சரிந்தால் என் வீடு எனக்கு. ஆனால் ஒன்பதாயிரத்துச் சொச்சம் மூட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கியவன் முன்னால், கடைசி மூட்டையில் ஒருத்தி அடியிலிருந்து உருவினால் அவன் கை யோசிக்குமா? அவள் விரல் படுவதற்குள் என் விரல் 9,999 என்று அடித்து அனுப்பிவிட்டது.

கணக்கு பிழைத்தது.

“அனுப்பிட்டீங்களா?” என்றாள். குரலில் நடுக்கமே இல்லை. விரலிலும் இல்லை.

அழுத்தினாள்.

10,000.

குழுவில் பட்டாசு வெடித்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் ஒற்றை விரலால் தீர்ப்பை எழுதினாள்.

‘பூதம் இறங்கலாம். பெண் பூதத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும்.’

அடுத்த வாரம் இறங்கினோம். ஒவ்வொரு படியிலும் நின்றாள். மாடி திரும்பும் இடங்களில் உட்கார்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருடத்தில் அவள் என்னைத் திட்டாமல் நான் பயந்தது அன்றுதான். கீழே வந்ததும் ஈரத் தரையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலை வைத்துப் பார்த்தாள். நான் வண்டி நிறுத்தும் இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. கை அவள் பிடியில் இருந்தது.

மகள் வீட்டில் எங்கள் அறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான், கை நீட்டினால் தொடலாம். வேறு வேலையில்லாததால் செங்கல்லை எண்ணிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒருவழியாக முழுச் சுவரையும் எண்ணி முடித்து, தொகையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். இதையாவது அவளால் குலைக்க முடியாது.

அவள் பின்னலிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள்: “மூணாவது வரிசையில ஒண்ணை விட்டுட்டீங்க.”