பங்கர் மாமாவும் பூட்டிய கதவும்

உலகம் அழிகிற நாளில் ஒஸ்லோவில் வேறு யார் தப்பினாலும் தப்பாவிட்டாலும் எங்கள் குரோருட் மாடிக்கட்டடம் தப்பிவிடும் என்று பல வருடங்கள் நம்பியிருந்தேன். காரணம், இரண்டாம் மாடிப் பங்கர் மாமா. அவர் தமிழர் இல்லை. இந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த யூதர். கட்டடத்தின் அடியில் குண்டுக்கு ஒளிந்துகொள்ள ஓர் அறை உண்டு. நாங்கள் ஊர்ப் பழக்கத்தில் அதைப் பங்கர் என்றோம். அதன் கதவுத் திறப்பைக் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்த மனிதருக்கும் அதே பெயர் விழுந்தது.

நாங்கள் குடிவந்த அன்று, எந்த நாடு, என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. என் மனைவி வசந்தியின் காலைத்தான் பார்த்தார்.

"இந்தச் செருப்போடை படியாலை ஓடேலாது."

அவர் பேசியது நோர்வே மொழி. என் காதில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே விழும், அப்படியே எழுதுகிறேன்.

"ஏன் ஓடவேணும்?" என்றாள் வசந்தி.

"அணுகுண்டு விழுந்தா?"

"ஐயோ, நாங்கள் இப்பதான் சாமானே இறக்கிறம்!"

மனிதர் சிரிக்கவில்லை. ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு மேலே வந்தார், வழி முழுக்க எந்தப் படி வழுக்கும் என்று சொல்லிக்கொண்டே.

பங்கர் மூலையில் எங்கள் டீப் பிரீசரை வைக்கக் கேட்டபோது உள்ளே என்ன என்று விசாரித்தார். நண்டு என்றேன். யூதருக்கு நண்டு ஆகாது. வெகுநேரம் யோசித்தார்.

"உயிர் தப்ப வேறை வழியில்லையெண்டா தின்னலாம், எங்கடை சமயம் விடும். ஆனா உறைப்பைக் குறைச்சு வையுங்கோ."

என் மகளின் பிறந்தநாளுக்கு அவர் தந்த பரிசு, அணுக் கதிர்வீச்சுக்குப் போடுகிற அயடீன் குளிசை. எந்தக் கொண்டாட்டத்துக்கும் சமையல்காரருக்கு முன்னமே வந்து நிற்பார். ஏன் இந்த அவசரம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

அவர் பிறக்குமுன், இரண்டாம் உலக யுத்தத்தில், யூதர் என்பதற்காகத் தாயின் சகோதரங்களைப் பொலிஸ் பட்டப்பகலில் கூட்டிக்கொண்டு போனதாம். தாய் மட்டும் காட்டு வழியே சுவீடனுக்குத் தப்பினாராம். சகோதரங்களை இறக்கிக்கொண்டு போன மாடிப் படிக்கட்டில் ஒரு வீட்டுக் கதவும் திறக்கவில்லையாம். இவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கும் அணுகுண்டுப் பேச்சு. வாத்தியார் பிள்ளைகளைப் பங்கருக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார். இவர் வீட்டுக்கு ஓடிவந்து, "அம்மா, எங்களையும் உள்ளுக்கு விடுவினமோ?" என்று கேட்டாராம்.

"அம்மா என்ன சொன்னவ?"

"முதல் ஆளாய்ப் போய் நில் எண்டவ."

மற்றப் பிள்ளைகளுக்குக் குண்டுக்குத்தான் பயம். இவருக்குக் கதவுக்கும் பயம். திறப்பு கையில் இருந்தால் யாரும் தன்னை வெளியே விட்டுச் சாத்தமுடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார், பாவம்.

போன வருடம் கட்டட நிர்வாகத்துக்கு ஓர் இளைஞன் தலைவனாக வந்தான். நல்ல பிள்ளைதான். வயதான மனிதருக்கு ஏன் இந்தச் சிரமம் என்று மாலை மரியாதையோடு திறப்பை வாங்கிக்கொண்டான். செய்திகளில் மறுபடி அணுகுண்டு மிரட்டல் அடிபடுகிற நேரம் வேறு. பங்கர் மாமா வெளியே வருவதையே குறைத்துவிட்டார்.

பிறகு சைரன் சோதனை நாள் வந்தது. இன்று ஊதும், பயப்படவேண்டாம் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் கால் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் மேல்மாடித் தமிழ்க் குடும்பமும் விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினோம். வசந்தி கையில் அகப்பை. கதவைத் திறந்துவைத்துப் பங்கர்த் தரையைக் கூட்டிக்கொண்டிருந்த தலைவன் தும்புத்தடியோடு வாயைப் பிளந்தான்.

"இது வெறும் சோதனை!"

"எங்களுக்குத் தெரியும்!" என்று கத்தினாள் வசந்தி, தலையைப் பொத்திக் குந்தியபடியே.

ஊரில் குண்டு விழுந்த காலத்தில், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடாமல் எவரும் பங்கருக்குள் இறங்கியதில்லை. வசந்தி நிமிர்ந்து சுற்றிப் பார்த்தாள்.

"எங்கை அந்த மனிசன்?"

இருவரும் மேலே ஓடினோம். கோட்டும் சப்பாத்தும் போட்டு, வீட்டுக் கதவை அகலத் திறந்துவைத்து, பங்கர் மாமா கதிரையில் இருந்தார்.

"ஏன் வரேல்லை?"

"ஒருத்தரும் கூப்பிடேல்லை."

"இதென்ன கலியாண வீடே, வந்து சொல்லிக் கூப்பிட? எழும்புங்கோ!"

அகப்பையோடு அவள் போட்ட சத்தத்தில் மனிதர் எழும்பிவிட்டார். இருபுறமும் பிடித்துக் கீழே கூட்டிவந்தோம். தமிழ்ப் பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து நடுவில் இடம் விட்டார்கள். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தலைவனிடம் சொன்னார்:

"இனிக் கதவைச் சாத்தலாம், தம்பி."

சைரன் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. ஆனாலும் அந்தப் பிள்ளை போய் அந்தப் பெரிய இரும்புக் கதவை மெல்லச் சாத்தினான். வாழ்நாளில் முதல் தடவையாகக் கடைசி ஆளாய் வந்து சேர்ந்த என் பங்கர் மாமா, வசந்தியின் தோளில் சாய்ந்து நித்திரையாகிப்போனார். அவர் எழும்பும்வரை நாங்கள் அசையவில்லை.